இடப்பக்கத்து இருக்கை

தாம்வே சந்திப்பில் சிவப்பு விளக்கு.
நின்றுகொண்டுதான் இருந்தேன்.
முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்:
நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பஸ்
சோம்பல் முறிப்பதுபோல மெதுவாக
என் டாக்ஸியை முட்டியது.
உடம்பு முன்னே போனது.
தலை ஒரு கணம் பின்தங்கி
பிறகு உடம்பையும் தாண்டி ஓடி
கழுத்து இழுத்ததும் திரும்பி வந்தது.
முன்கண்ணாடி ஓரம் வைத்திருந்த
சிவப்புக் காகிதப் பொம்மை
சாய்ந்தது, உருண்டது,
தானே எழுந்து உட்கார்ந்துகொண்டது.
எத்தனை முறை தள்ளினாலும் எழும் என்றுதான்
இங்கே அதை ராசிக்கு வாங்குகிறார்கள்.

பஸ்காரன் இறங்கி வந்து பம்பரைத் தடவினான்.
'கெய்ஸ மஷிபூ' என்றான், ஒன்றுமில்லை.
நானும் 'கெய்ஸ மஷிபூ' என்றேன்.
இருட்டும் வரை ஏழு சவாரி ஓட்டினேன்.

மறுநாள் காலை
தலையணையிலிருந்து என் தலையை
இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன்,
சந்தையில் பூசணியை எடுப்பதுபோல.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமாம்.
எனக்கு வந்தது
பாதி வழியில் இறங்கித் தங்கிவிட்டது.

எக்ஸ்ரேயில் ஏழு எலும்பும்
பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன.
கோயில் ரசீதில் நான் சன்னாசி.
டாக்டர் சீட்டில் கோ தான் ஸோ.
கோ தான் ஸோவுக்கு வந்ததற்கு
ஆங்கிலத்தில் சாட்டை என்று பெயராம்.
படத்துக்கு முப்பதாயிரம் சாட்,
நோய்க்குச் சாட்டை.
யார் கையில் சாட்டை என்று கேட்டேன்.
நீங்களேதான் சாட்டை, நுனியில் தலை, என்றார்.
கழுத்துப்பட்டையில் பழகினால் கழுத்து சோம்பேறியாகும்,
வலித்தாலும் கொஞ்சம் கொஞ்சம் திருப்புங்கள்,
யாரிடமும் சொடக்கெடுக்கக் கொடுக்காதீர்கள்.
எத்தனை நாள் என்றதற்கு
அவரும் தோளைத்தான் குலுக்கினார்,
அவரால் குலுக்க முடிந்தது.

ரத்தம் இல்லையே என்றான் வண்டி முதலாளி.
இல்லை.
தையல்?
இல்லை.
அப்படியானால் தினவாடகை மட்டும் உண்டு.

முதல் வாரம் இடப்பக்கம் காலண்டர் வரை.
கரண்ட் போன ராத்திரிகளில்
பேச்சி கரியடுப்பில் வெந்நீர் வைத்து
துணி பிழிந்து பிடரியில் போட்டாள்.
மூன்றாம் வாரம் ஜன்னலின் முதல் கம்பி.
ஒரு மழை நாளில் மறுபடியும் காலண்டர்.
அன்று காலண்டரைக் கிழித்தேன்,
பேச்சி ஒட்டிவைத்தாள்.

இந்த ஊரில் வண்டி ஓடுவது வலப்பக்கம்,
ஜப்பான் வண்டிக்குச் சக்கரமும் வலப்பக்கம்.
முந்திப் போக வேண்டுமென்றால்
ஓட்டுகிறவன் கொக்குபோலக் கழுத்தை நீட்டி
இடப்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.
கொக்குக்குக் கழுத்து போய்விட்டது.

ஆறாம் வாரம் அரிசி தீர்ந்தது.
பேச்சி சேலையைச் செருகிக்கொண்டு
இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.
பேச்சி என்று பெயர் வைத்தார்களே தவிர
வண்டியில் அவள் பேசி நான் கேட்டதில்லை.
'பொறு.
லாரி.
இன்னொரு லாரி.
இப்ப வா.'
ஹ்லெடான் மேம்பாலத்தில்,
கந்தாவ்ஜி வளைவில்,
வெள்ளம் நின்ற கீழ்த்தெருக்களில்
பொறு, வா, பொறு, வா.
பதினெட்டு வருஷக் குடித்தனத்தில்
அவ்வளவு வார்த்தை நாங்கள்
ஒரே நாளில் செலவழித்ததில்லை.
இரண்டே நாளில் எனக்குத் தெரியாத
ஒரு குறுக்குவழியையும் கண்டுபிடித்தாள்.

இப்போது கழுத்து வருகிறது.
கடைசியில் ஒரு விரற்கடை மட்டும்
பூட்டுத் திறக்க மறுக்கிறது.
டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டேன்.
வீட்டில், அவள் கேட்கிறபோது,
அதை ஒரு சாண் என்று சொல்கிறேன்.

நேற்று அவளுக்குக் காய்ச்சல்.
தனியாகப் போனேன்.
முந்தப் போகும்போது என்னை அறியாமல்
'வரட்டுமா' என்று தமிழில் கேட்டேன்.
பின்சீட்டுப் பர்மியப் பெண்
கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து
இடப்பக்கம் எட்டிப் பார்த்து
ரொம்பப் பொறுப்பாகச் சொன்னாள்:
'யாபி.'
வரலாம்.